ஆணி எங்கே, எவ்வளவு ஆழம்: மரச்சட்ட வீட்டுக்கு வெளிப்பலகை அடிக்கும் முறை

சியாட்டில் பக்கம் வீடு வாங்கும் நம் ஊர்க்காரர்கள் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். 'டொக் டொக்' என்று கேட்கும். செங்கல் கிடையாது, சிமென்ட் பூச்சு கிடையாது. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்கள், அவற்றின்மேல் அரை அங்குலம்கூட இல்லாத மரச்செதில் பலகை, அதன்மேல் ஒரு தாள், கடைசியாக வெளியே வரிவரியாகத் தெரியும் சைடிங் பலகை. சுவர் என்றால் இவ்வளவுதான். அக்டோபர் பிறந்தால் வசந்தம் வரை தூறிக்கொண்டே இருக்கும் ஊரில் இது எப்படித் தாங்குகிறது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது.

எங்கள் வீட்டின் தெற்குச் சுவரைப் பிரித்து மறுபடி அடித்தபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது. இங்கே குளிர்காலப் புயல் பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். பழைய பலகையைக் கழற்றினால், கூரை வந்து சுவரில் முடியும் இடத்துக்குக் கீழே செதில் பலகை ஊறிப்போய், விரலால் நோண்டினாலே உதிர்ந்தது. மேலே இருந்த சைடிங் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் அதன் பின்னால் போயிருக்கிறது, வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். மூன்று வார இறுதிகள் என்னோடு நின்று சொல்லிக்கொடுத்தார். அவர் முதல் நாள் சொன்னதையே இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்: பலகைக்குப் பின்னால் தண்ணீர் வரத்தான் செய்யும், வந்த தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் யோசி.

பலகையின் குணத்தைப் பொறுத்தே ஆணி

கடையில் மூன்று வகை அதிகம் கிடைக்கும்: வினைல், சிடார் மரம், ஃபைபர் சிமென்ட். மூன்றுக்கும் ஆணி அடிக்கும் முறை வேறு. யூடியூபில் வினைல் காணொளியைப் பார்த்துவிட்டு சிமென்ட் பலகைக்கு அப்படியே செய்தால் வேலை கெட்டுவிடும்.

வினைலை இறுக்கி அடிக்கவே கூடாது, தொங்கவிட வேண்டும். 12 அடி நீளத் துண்டு ஒன்று குளிருக்கும் வெயிலுக்கும் இடையே அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் மேல் விளிம்பில் நீளமான துளைகள் இருக்கின்றன. துளையின் நடுவில் ஆணி, ஆணித்தலைக்கும் வினைலுக்கும் இடையே ஒரு டைம் (10 சென்ட்) நாணயத்தின் தடிமன் அளவு இடைவெளி, இரு முனைகளிலும் கால் அங்குலம் விட்டு மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு கையால் இடமும் வலமும் தள்ளினால் அசைய வேண்டும். அசையாவிட்டால் முதல் கோடையிலேயே அலை அலையாக வளைந்துவிடும்.

சிடார் மரம் நீளத்தில் அதிகம் மாறாது, அகலத்தில் மாறும். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே ஒரு பலகைக்கு ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே ஒரு ஆணி. அந்த ஆணி, கீழ்ப் பலகையின் மேல் விளிம்பைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே இறங்க வேண்டும். இரண்டு பலகைகளையும் சேர்த்து ஒரே ஆணியில் பிடித்தால், அவை சுருங்கும்போது நடுவில் பிளந்துவிடும். அப்புறம், சிடாருக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணிதான். சாதா ஆணி அடித்தால் அந்த மரத்தின் சாரம் இரும்போடு சேர்ந்து, ஆணிக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக வழிந்த கறை பிடிக்கும்.

ஃபைபர் சிமென்ட் என்பது போர்ட்லண்ட் சிமென்ட், மணல், மரநார், தண்ணீர் சேர்த்துச் செய்த பலகை. வெயிலுக்கோ குளிருக்கோ அதிகம் அசையாது, கரையான் தொடாது, தீப்பிடிக்காது. அதனால் இறுக்கமாகவே அடிக்கலாம். ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. நான் அடித்தது இதைத்தான், இனிச் சொல்வதும் இதற்குத்தான்.

வாங்கும் முன்

ஒரு மாடி உயரச் சுவரை மட்டும் கையில் எடுங்கள். இரண்டாம் மாடிக்கு ஏணி போதாது, சாரம் வேண்டும். 12 அடிப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்பதைப் போல ஆபத்தான வேலை வேறு இல்லை. நகரத்தின் கட்டட அனுமதிப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் நிறத்துக்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

பழைய வீடாக இருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. அந்தக் காலத்துச் சிமென்ட் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு துண்டைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் எதையும் உடைக்காதீர்கள், அரைக்காதீர்கள்.

பலகைக் கணக்கு எளிது. 8¼ அங்குல அகலப் பலகையின் மேல் அடுத்த பலகை குறைந்தது 1¼ அங்குலம் ஏறி உட்கார வேண்டும். வெளியே தெரிவது 7 அங்குலம். 12 அடி நீளத்துக்கு அது 7 சதுர அடி. ஆக 100 சதுர அடிச் சுவருக்கு 15 பலகை, வெட்டுக் கழிவுக்கு ஒன்று கூடுதல். வந்த பலகைகளை மட்டமான இடத்தில், தரையில் படாமல் அடுக்கி, மூடி வையுங்கள். நனைந்த பலகையை அடித்தால் காய்ந்ததும் இணைப்பில் விரிசல் தெரியும். தூக்கும்போது எப்போதும் பக்கவாட்டில் நிமிர்த்தித் தூக்குங்கள். தட்டையாக இரு முனைகளைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து முறியும். இரண்டு பேர் வேண்டும்.

கீழிருந்து மேலே

கீற்று வேய்கிறவர்கள் இறவாணத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார்கள். மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் படியும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஓடு வேய்வதும் அப்படித்தான். இந்தச் சுவரில் தாளுக்கும் தகட்டுக்கும் பலகைக்கும் விதி அது ஒன்றுதான். எந்த இடத்திலாவது குழப்பம் வந்தால், 'இங்கே ஒரு சொட்டு விழுந்தால் எந்தப் பக்கம் போகும்' என்று கேளுங்கள். மேலிருந்து வரும் சொட்டு எதன் பின்னாலும் நுழையாமல் எல்லாவற்றின் முன்னாலும் இறங்கினால் சரி.

பழைய பலகையைக் கழற்றியதும் செதில் பலகை முழுவதையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மென்மையாக இறங்கும் இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போடுங்கள். துண்டுகளுக்கு இடையே 1/8 அங்குலம் விடுங்கள், ஈரத்தில் உப்ப இடம் வேண்டும். சட்ட மரமும் ஊறியிருந்தால் நிறுத்திவிட்டு அனுபவசாலியைக் கூப்பிடுங்கள். வீட்டைத் தாங்குவது அந்தச் சட்டம்தான்.

அடுத்து ஹவுஸ் ராப் தாள். தண்ணீரைத் தடுத்து நீராவியை வெளியேவிடும் தாள் இது. கீழிருந்து சுற்றி, மேல் வரி கீழ் வரியின்மேல் 6 அங்குலம் படியுமாறு ஒட்டுங்கள். ஜன்னல்தான் கவனம் கேட்கும் இடம். ஜன்னலின் கீழ் விளிம்புக்கு அடியில் தாளைச் செருகுங்கள். பக்க விளிம்புகளின்மேல் டேப் ஒட்டுங்கள். பிறகு மேல் விளிம்பின்மேல் டேப், அதன்மேல் மடித்த உலோகத் தகடு, தாளை அந்தத் தகட்டின்மேல் இறக்கி ஒட்டுங்கள். கீழ் விளிம்புக்கு டேப் வேண்டாம். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் பத்திரம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கீழே ஒட்டினால், எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் ஒரே வாசலை அடைத்துவிடுகிறோம்.

இதற்கெல்லாம் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பவர்களுக்கு, எல்லை தாண்டினால் கனடாவின் வான்கூவர் இருக்கிறது. 1980களிலும் 1990களிலும் அங்கே கட்டிய ஏராளமான அடுக்குமாடிகள் உள்ளுக்குள் அழுகிப்போயின. வெளிப்பூச்சே தண்ணீரை முழுவதும் தடுத்துவிடும் என்று நம்பிக் கட்டிய சுவர்கள் அவை. கூரையின் இறவாணமும் வெளியே நீளவில்லை. உள்ளே போன தண்ணீர் காயவும் இல்லை, வடியவும் இல்லை. முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998-இல் விசாரணைக் குழுவே அமைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கடலோரப் பகுதியில் பலகைக்கும் தாளுக்கும் நடுவே காற்றுப் போகும் இடைவெளி விட்டுக் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

அந்த இடைவெளிக்கு 'ரெயின்ஸ்கிரீன்' என்று பெயர். ஒவ்வொரு சட்டத்தின் நேரேயும், தாளின்மேல், ¾ அங்குல மரப்பட்டிகளை நெட்டுக்குத்தாக அடித்து, அந்தப் பட்டிகளின்மேல் பலகையை அடிப்பார்கள். கீழ் முனையில் பூச்சி ஏறாமல் இருக்க ஒரு வலை. உங்கள் ஊரில் கட்டாயமில்லை என்றாலும், மழை முகத்துச் சுவருக்கு இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். செலவு பட்டிக் கட்டைக்கும் இன்னும் ஒரு நாள் உழைப்புக்கும்தான். ஜன்னல், மூலைக் கட்டைகள் எல்லாம் ¾ அங்குலம் வெளியே வரும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரை முடியும் மூலை

என் சுவர் அழுகிய இடம் இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். தாழ்ந்த கூரை ஒன்று சுவரை ஒட்டியே சரிந்து வந்து, சுவரின் நடுவில் முடிகிறது என்று வையுங்கள். கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த ஓரமாக ஓடிவந்து, முடியும் இடத்தில் நேராகப் பலகையின் பின்னால் இறங்கும். அங்கே 'கிக்அவுட்' என்னும் வளைந்த தகடு ஒன்றை, கூரையின் கீழ் முனையில், கூரையோர மழைநீர் வாய்க்காலை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரைத் திருப்புவது போல அது வேலை செய்யும். சில டாலர்தான் விலை. எங்கள் வீட்டைக் கட்டியவர்கள் அதை வைக்கவில்லை. பிரித்த நிலையில் இருக்கும்போதே வைப்பதுதான் சுலபம், பலகை அடித்த பிறகு நுழைக்க முடியாது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு மூலை இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

நூல் அடித்தல்

தாளின்மேல் ஒவ்வொரு சட்டத்தின் நடுவையும் தேடி, மேலிருந்து கீழ்வரை சாக் தூள் நூல் அடியுங்கள். இந்தக் கோட்டில்தான் ஒவ்வொரு ஆணியும் இறங்கப்போகிறது. மூலைக் கட்டைகளையும் ஜன்னல் சுற்றுக் கட்டைகளையும் முதலில் அடித்து முடித்துவிடுங்கள்.

பிறகு கீழ்மட்டக் கோடு. தரையைப் பார்த்து அளக்காதீர்கள், தரை சரிந்திருக்கும். ரசமட்டமோ லேசர் மட்டமோ வைத்துச் சுவர் முழுக்க ஒரே கோடு போடுங்கள். பலகையின் அடி விளிம்பு மண்ணிலிருந்து குறைந்தது 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். படி, நடைபாதை, கூரை ஓடு போன்றவற்றிலிருந்து 2 அங்குலம். மண்ணில் உட்கார்ந்த பலகை திரி போலத் தண்ணீரை உறிஞ்சும்.

அடுத்து வரிசைக் கணக்கு. 9 அடிச் சுவர் என்றால் 108 அங்குலம். 7 அங்குலம் தெரிய அடித்துக்கொண்டே போனால் 15 வரிகளில் 106¼ அங்குலம் வரும், மேலே 1¾ அங்குலத்துக்கு ஒரு மெல்லிய கீற்று மிஞ்சும். பார்க்க நன்றாக இராது, அடிக்கவும் வராது. அதற்குப் பதில் 6⅝ அங்குலம் தெரியும்படி 16 வரி அடித்தால் கிட்டத்தட்ட முழுப் பலகையில் முடியும், மிச்ச இடைவெளியை மேல் கட்டை மறைத்துவிடும். ஏறும் அளவைக் கூட்டலாம், 1¼ அங்குலத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. ஒரு நீளக் குச்சியில் இந்த 16 கோடுகளையும் குறித்துக்கொண்டு, சுவரின் இரு முனைகளிலும் அந்தக் குச்சியை வைத்தே குறியுங்கள். ஒவ்வொரு வரியையும் டேப்பால் அளந்தால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துவிடும்.

வெட்டுதல்

இந்தப் பலகையை வட்ட ரம்பத்தால் வெட்டும்போது எழும் தூளில் சிலிக்கா இருக்கிறது. கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்னும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமான அதே தூள். ஒரு நாள்தானே என்று அலட்சியம் வேண்டாம். வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வெட்டாதீர்கள். வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச, குறைந்தது என்95 முகக்கவசம் போட்டு வெட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம். நேர் வெட்டுகளுக்கு, இந்தப் பலகைக்கென்றே இருக்கும் கத்தரி வாடகைக்குக் கிடைக்கும், அதில் தூள் மிகக் குறைவு. ரம்பமே வேண்டும் என்றால் வைர முனைப் பற்கள் நாலைந்து மட்டும் உள்ள ஃபைபர் சிமென்ட் ரம்பத் தகடு வாங்குங்கள்.

வெட்டிய முனை ஒவ்வொன்றுக்கும் உடனே பிரைமரோ பெயின்டோ தடவுங்கள். தொழிற்சாலைப் பூச்சு இல்லாத அந்த முனைதான் தண்ணீரை முதலில் குடிக்கும்.

ஆணி அடித்தல்

முதலில் அடிக்கோட்டில், அதே பலகையிலிருந்து 1¼ அங்குல அகலத்தில் அறுத்த பட்டியை அடியுங்கள். முதல் பலகையின் அடிப்பகுதியை இது வெளியே தள்ளும், மற்ற வரிகளின் சாய்வும் முதல் வரியின் சாய்வும் ஒன்றாக இருக்கும். இதை மறந்தால் முதல் வரி மட்டும் உள்வாங்கித் தெரியும்.

ஆணி அடிக்க இரண்டு முறைகள். ஒன்று மறைவாணி: பலகையின் மேல் விளிம்பிலிருந்து 1 அங்குலம் கீழே, ஒவ்வொரு சட்டத்திலும் ஒன்று. அடுத்த வரி மேலே ஏறும்போது ஆணித்தலை மறைந்துவிடும். மற்றொன்று முகப்பாணி: பலகையின் கீழ் விளிம்பருகே, மேல் பலகையையும் கீழ்ப் பலகையையும் சேர்த்துப் பிடிக்கும் ஆணி. தலை வெளியே தெரியும், பெயின்ட் அடித்து மறைக்க வேண்டும். பார்வைக்கு மறைவாணிதான் அழகு, தலையில் மழையும் படாது. புயல் காற்று வீசும் கடலோரத்திலும் மிக அகலமான பலகைக்கும் முகப்பாணி தேவைப்படலாம். பலகைத் தயாரிப்பாளரின் காற்றுவேக அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கள் சுவருக்கு மறைவாணி, ஜன்னலுக்கு அடியிலும் உச்சி வரியிலும் மட்டும் முகப்பாணி.

ஆணியின் நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். சட்ட மரத்துக்குள் 1¼ அங்குலம் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலகை 5/16, செதில் பலகை 7/16, இரண்டும் சேர்ந்து ¾ அங்குலம். ஆகவே மறைவாணிக்கு 2 அங்குலம். முகப்பாணி இரண்டு பலகைகளைத் தாண்டுவதால் 2½ வேண்டும். ¾ அங்குலப் பட்டி அடித்திருந்தால் மறைவாணியே 2¾ ஆகும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி போதும், கடல் பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு. பின் அடிக்கும் ஸ்டேப்ளரை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

இப்போது ஆழம். ஆணித்தலை பலகையின் முகத்தோடு ஒட்டி நின்றால் சரி. ஒரு நூல் உள்ளே போனாலும் தலை பலகையை உடைத்துக்கொண்டு இறங்கிவிடும், அந்த இடத்தில் பிடிப்பு பாதிதான். காற்றழுத்தத் துப்பாக்கியில் அழுத்தம் கூடியிருந்தால் இது நூறு ஆணிக்கும் நடக்கும், வெளியே தெரியாது. முதல் நாள் நான் ஒரு வரி முழுக்க அப்படி அடித்துவிட்டேன். பெரியவர் ஒவ்வொரு ஆணியாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குழிகளைக் கால்க் என்னும் அடைப்புப் பசை வைத்து அடைக்கச் சொல்லி, பக்கத்தில் வேறு ஆணி அடிக்க வைத்தார். வீணான பலகைத் துண்டு ஒன்றில் பத்து ஆணி அடித்து அழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே சுவருக்குப் போங்கள். சற்றுத் துருத்தி நிற்கும்படி வைத்துக்கொண்டு கடைசி அடியைச் சுத்தியலால் கொடுப்பது நல்ல பழக்கம். ஆணி நேராக இறங்கட்டும், சாய்ந்தால் தலையின் ஒரு ஓரம் மட்டுமே பிடிக்கும். பலகையின் முனையிலிருந்து ⅜ அங்குலத்துக்குள் அடிக்காதீர்கள், மூலை தெறிக்கும்.

இரு பலகைகள் சேரும் இணைப்பு எப்போதும் சட்டத்தின் நேரே வர வேண்டும். இடைவெளி விடாமல், நெருக்கித் தள்ளாமல், தொட்டுக்கொண்டு நிற்கட்டும். இணைப்பின் பின்னால் 6 அங்குல அகலத் தகடோ தாளோ வைத்து, அதன் அடி முனை கீழ்ப் பலகையின்மேல் வந்து முடியுமாறு இறக்குங்கள். அடுத்தடுத்த வரிகளில் இணைப்புகள் ஒரே சட்டத்தில் வராமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள். மூலைக் கட்டையிலும் ஜன்னல் கட்டையிலும் முட்டும் இடத்தில் 1/8 அங்குலம் விட்டு, பிறகு கால்க் நிரப்புங்கள்.

துணைக்கு ஆள் இல்லாத நாளில் கெக்கோ கேஜ் என்று ஒரு ஜோடிக் கருவி உதவும். கீழ்ப் பலகையில் மாட்டினால் மேல் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், ஏறும் அளவும் தானாக வந்துவிடும். ஆனாலும் மூன்று நான்கு வரிக்கு ஒரு தடவை குறிக்கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜன்னலின் மேல் தகடு வரும் இடத்தில், பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே கால் அங்குலம் விடுங்கள். அந்த இடைவெளியைக் கால்க் வைத்து அடைக்கக் கைகள் துறுதுறுக்கும். அடைக்காதீர்கள். மேலிருந்து பலகைக்குப் பின்னால் இறங்கிய தண்ணீர் அங்கேதான் வெளியே வரும். அதே காரணத்துக்காகப் பலகை வரிகளின் அடி விளிம்புகளையும் அடைக்கக் கூடாது.

பிரைமர் மட்டும் பூசி வந்த பலகை என்றால் ஆறு மாதத்துக்குள் பெயின்ட் அடித்துவிடுங்கள். இரண்டு கை அடியுங்கள், முகப்பாணித் தலைகளுக்கு ஒரு தொடுகை கூடுதல்.

வேலை முடிந்து முதல் பெருமழை வரும் நாளில் குடை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சுவரின் அடியைப் பாருங்கள். ரெயின்ஸ்கிரீன் வைத்திருந்தால் கீழ் வலையிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு விழலாம். அது குறை இல்லை, தண்ணீர் வெளியேறுகிறது. கிக்அவுட் தகட்டிலிருந்து தண்ணீர் கூரையோர வாய்க்காலுக்குள் போய் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டுக்குள் வந்து, அந்தச் சுவரின் ஜன்னல் மூலைகளிலும் தரையோரத்திலும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும்.